எமது வாக்கு யாருக்கும் கைம்மாறு அல்ல

தேர்தல் என்று அறிவித்தவுடன் எமது பக்கத்துக்கு வரும் வாகனங்களின் தொகை கூடிவிடும். மற்ற நாட்களில் பூநகரிலும் ஈச்சிலம்பற்றிலும் வெருகல் முகத்துவாரத்திலும் பஸ் எப்போது வரும் என்று வீதியோரம் காத்து நிற்கும் நாங்கள், அந்த நாட்களில் ஒலிபெருக்கிச் சத்தத்துக்குள் பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாமல் தவிப்போம். வருகிறவர்கள் எல்லோரும் அன்பாகத்தான் கதைப்பார்கள். அம்மா, அக்கா, தங்கச்சி என்று உறவு கொண்டாடுவார்கள். தகரம் தந்தது நாங்கள், கிணறு கட்டித் தந்தது நாங்கள், நாளைக்கு உங்கள் மகனுக்கு வேலை எடுத்துத் தரப் போவதும் நாங்கள் என்று சொல்லி முடிக்கும்போது, எமது வாக்கு ஏதோ நாம் அவர்களிடம் பட்ட கடன் போலவும், அதை அறவிட அவர்கள் வந்திருப்பது போலவும் ஒரு நினைப்பு எமக்கே வந்துவிடுகின்றது.

அந்த நினைப்பைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். நான் எந்தக் கட்சியையும் சேர்ந்தவள் அல்ல. 2007ஆம் ஆண்டு காணாமற் போன ஒருவரின் மனைவி. இரண்டு பிள்ளைகளின் தாய். ஒரு துண்டு வயலும் கச்சான் தோட்டமும் செய்கிறேன். 18 வயதுக்குப் பின் எனக்கென்று அரசாங்கம் தந்த ஒரே அதிகாரம் வாக்குத்தான். அதைப் பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. அவை எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. சகோதரிகளாகிய உங்களோடு கதைத்துப் பார்க்கவே எழுதுகிறேன்.

அரசியல் நமக்கு என்னத்துக்கு?

"ஆரு வந்தா என்ன புள்ள, நாம வெட்டிக் கொத்தினாத்தான் நமக்குச் சோறு" என்று என் மாமி அடிக்கடி சொல்வா. அவ சொல்வதில் ஒரு நியாயம் இருக்கின்றது. அவ கண்ட அரசாங்கங்கள் எத்தனையோ. ஒன்றாவது அவவின் மண்வெட்டியை வாங்கி ஒரு நாள் கொத்தியதில்லை.

ஆனாலும் எமது வாழ்க்கையைத் திருப்பிப் போட்டவை எல்லாம் எங்கோ இருந்து யாரோ எடுத்த முடிவுகள்தானே. 2006ஆம் ஆண்டு மாவிலாறு அணைக்கட்டின் கதவு மூடப்பட்டதில் இருந்து தொடங்கிய சண்டை எங்களை வாகரைக்கு ஓட வைத்தது. அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கு ஓட வைத்தது. அந்தக் கதவை மூடுவதா திறப்பதா என்று எந்தப் பெண்ணிடமும் யாரும் கேட்கவில்லை. 2021ஆம் ஆண்டு இரசாயன உரத்துக்கு ஒரே நாளில் தடை வந்தது. அந்தப் போகத்தில் வயல் மஞ்சளாகிக் கிடந்ததையும் அடுத்த வருடம் அரிசி விற்ற விலையையும் நாம் மறக்கவில்லை. மகாவலி பெருகினால் வெருகலாறும் பெருகி எமது வாசலுக்கு வருவது போல, கொழும்பில் எடுக்கும் முடிவும் எமது அடுப்படிக்கு வந்து சேருகின்றது. ஆகவே அரசியல் நமக்கு வேண்டாம் என்று நாம் ஒதுங்கினாலும் அது நம்மை விட்டு ஒதுங்குவதில்லை. மாமிக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

வாக்கு எமக்கு வந்த வழி

எமது நாட்டுப் பெண்களுக்கு வாக்கு எப்படிக் கிடைத்தது என்பது பலருக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் தந்துவிட்டுப் போனான் என்றுதான் நினைக்கிறோம். கேட்காமல் அவன் தரவில்லை. 1927ஆம் ஆண்டு டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது, ஏக்னஸ் டி சில்வா, டொக்டர் மேரி ரட்ணம் போன்ற பெண்கள் சேர்ந்து பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தை அமைத்து, ஆணைக்குழுவின் முன் சென்று வாக்குரிமை கேட்டார்கள். படித்த பெரிய மனிதர்கள் பலர் அதை விரும்பவில்லை. எமது தமிழ்த் தலைவர்களுள் மிகப் பெரியவராக மதிக்கப்பட்ட சேர் பொன்னம்பலம் இராமநாதனும் எல்லோருக்கும் வாக்கு என்பதை எதிர்த்தவர்தான்.

ஆணைக்குழு முதலில் 30 வயது கடந்த பெண்களுக்கு மட்டும் வாக்குக் கொடுக்கலாம் என்று சொன்னது. பிரித்தானியாவில் 1918இல் பெண்களுக்கு முதன்முதல் வாக்குக் கொடுத்தபோது வைத்த வயதும் அதுதான். அங்கே ஆண்களைப் போல 21 வயதுப் பெண்களுக்கும் வாக்கு வந்தது 1928இல். மூன்று வருடம் கழித்து, 1931இல், இலங்கைப் பெண்களும் 21 வயதில் வாக்களித்தார்கள். அந்த வருடமே அடலின் மொலமூரே அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1932இல் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் கொழும்பு வடக்கில் வென்று அந்தச் சபைக்குள் போனார்.

வந்த வாக்கைப் பாவிக்க விடாத கதைகளும் உண்டு. 1931இல் யாழ்ப்பாணத்தில் தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். பூரண சுயாட்சி தரவில்லை என்பது அவர்களது காரணம். அதனால் அங்குள்ள பெண்கள் தமது முதல் வாக்கைப் போட 1934 வரை காத்திருந்தார்கள். சுதந்திரம் கிடைத்த 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் மலையகத்துச் சகோதரிகளின் வாக்கைப் பறித்தன. 2005 ஜனாதிபதித் தேர்தலில் வடக்கு, கிழக்கில் மீண்டும் ஒரு பகிஷ்கரிப்பு. அந்தத் தேர்தலில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் இரண்டு இலட்சம் வாக்குக்கூட இல்லை. அதற்குப் பின் வந்த வருடங்களை நாம் எப்படிக் கடந்தோம் என்பதை நான் எழுதத் தேவையில்லை.

இன்னாருக்குப் போட்டிருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. போடு என்பதையும் போடாதே என்பதையும் எமக்காக வேறு யாரோதான் தீர்மானித்தார்கள் என்பதையே சொல்கிறேன்.

பட்டியலை நிரப்பும் பெண்கள்

இந்த நாட்டின் வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். 1960இல் உலகின் முதலாவது பெண் பிரதமரைத் தந்த நாடு என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். 2024 செப்டெம்பரில் ஹரிணி அமரசூரிய பிரதமரானபோது இந்தப் பதவிக்கு வந்த மூன்றாவது பெண்ணானார். ஆனால் அதே மாதம் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் வேட்புமனு ஏற்கப்பட்ட 39 பேரில் ஒருவர்கூடப் பெண் இல்லை. அந்த வருடம் நவம்பரில் தெரிவான பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் பெண்களுக்குக் கிடைத்தவை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. இதுவரை கண்டதில் அதுதான் கூடிய தொகையாம். எமது திருகோணமலை மாவட்டத்தில் தெரிவான நால்வரும் ஆண்கள்.

உள்ளூராட்சி சபைகளில் மட்டும் சட்டம் கொஞ்சம் கதவைத் திறந்தது. 2018 பெப்ரவரித் தேர்தலில் முதன்முறையாக 25 வீதம் பெண்களுக்கு என்ற ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. அதுவரை நூற்றுக்கு இரண்டு பெண்களே இருந்த சபைகளில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் பெண்கள் போய் அமர்ந்தார்கள். இது சிறிய விடயம் அல்ல.

இருந்தாலும் அந்தச் சட்டத்தின் உள்ளே இருப்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். வட்டாரத்தில் நேரடியாகப் போட்டியிடும் பட்டியலில் நூற்றுக்குப் பத்துப் பெண்களைப் போட்டால் போதும். மேலதிகப் பட்டியலில்தான் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். மேலதிகப் பட்டியலில் இருந்து யார் உள்ளே போவது என்பதைக் கட்சிச் செயலாளரே தீர்மானிப்பார். அதற்கு மேல், 20 வீதத்துக்குக் குறைந்த வாக்குப் பெற்று மூன்று ஆசனம்கூட எடுக்காத கட்சிகள் பெண்களை அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எமது பிரதேச சபை போன்ற சிறிய சபைகளில் பல கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் ஒன்று, இரண்டு என்று ஆசனங்களைப் பிரித்தெடுத்தால் அந்த 25 வீதம் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

2025 மே மாதத் தேர்தலுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சியிடம் வேட்புமனுவில் கையெழுத்துக் கேட்டு வந்தார்கள். மாதர் சங்கத்தில் பத்து வருடம் கணக்கு எழுதியவள் அவள். தான் என்ன கதைக்க வேண்டும், எந்த வட்டாரத்தில் வேலை செய்ய வேண்டும் என்று அவள் கேட்டாள். "நீ ஒன்றும் செய்யத் தேவையில்லை, பேர் இருந்தால் காணும்" என்றார்கள். அவள் கையெழுத்துப் போடவில்லை. ஊரில் சிலர் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வேலை தராமல் பெயரை மட்டும் கேட்பது, சமைக்கச் சொல்லிவிட்டு அரிசி தராதது போன்றது.

இலண்டனில் இருந்து வரும் கதை

எம்மில் பலருக்கு வெளிநாட்டில் உறவுகள் இருக்கின்றன. எனது மாமாவின் மகள் இலண்டனில் இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கதைப்போம். அங்கே 2024 ஜூலை மாதம் நடந்த பொதுத் தேர்தலில் ஸ்ட்ரட்ஃபோர்ட் அன்ட் போ தொகுதியில் உமா குமரன் வென்று, பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவான முதலாவது தமிழ்ப் பெண்ணானார். இலங்கையில் இருந்து தப்பிப்போன பெற்றோரின் பிள்ளை அவர். அன்று மச்சாள் அழுதுகொண்டே கதைத்தா.

அந்தத் தேர்தலில் தெரிவான 650 பேரில் 263 பேர் பெண்கள், அதாவது நூற்றுக்கு நாற்பது. அங்கே சட்டம் போட்டு ஒதுக்கீடு செய்யவில்லை. 1997ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்னரே தொழிற்கட்சி, வெல்லக்கூடிய தொகுதிகள் பலவற்றில் பெண்களை மட்டும் கொண்ட பட்டியலில் இருந்துதான் வேட்பாளரைத் தெரிவு செய்வோம் என்று முடிவெடுத்தது. அந்தத் தேர்தலில் மொத்தம் 120 பெண்கள் தெரிவானார்கள். தோற்கும் இடத்தைப் பெண்ணுக்கும் வெல்லும் இடத்தை ஆணுக்கும் கொடுக்கும் பழக்கத்தைக் கட்சி நினைத்தால் விடலாம் என்பதற்கு அது ஒரு சாட்சி. எமது தமிழ்க் கட்சிகளிடமும் முஸ்லிம் கட்சிகளிடமும் தென்னிலங்கைக் கட்சிகளிடமும் நான் கேட்பது இதைத்தான்.

ஆனால் மச்சாளோடு எனக்கு ஒத்துப்போகாத விடயமும் ஒன்று உண்டு. "இனி வாறவங்கள நிப்பாட்டத்தான் வேணும், இங்க ஆஸ்பத்திரியிலயும் பள்ளிக்கூடத்திலயும் இடமில்ல" என்று அவ சொல்வா. அங்கே வாக்களிக்கும் பலருடைய எண்ணமும் அதுதானாம். அகதிகளை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டதும், 2024இல் ஆட்சி மாறிய கையோடு கைவிடப்பட்டதும் இந்தச் சண்டையின் பகுதிதான். 2021 ஒக்டோபரில் பழுதான படகோடு டியாகோ கார்சியா என்ற பிரித்தானியத் தீவில் கரைசேர்ந்த இலங்கைத் தமிழர்களை நினைத்துப் பார்க்கிறேன். பெண்களும் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். வேலி போட்ட கூடாரங்களுக்குள் மூன்று வருடம் கிடந்த பிறகு, 2024 டிசம்பரில்தான் அவர்களில் பெரும்பாலானோரைப் பிரித்தானியாவுக்குக் கொண்டு போனார்கள். முகாம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தண்ணீருக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை, இரவில் வயதுக்கு வந்த பிள்ளையை வைத்துக்கொண்டு கண் மூடாத தாய். ஆகவே மச்சாளிடம் சொன்னேன்: "நீங்கள் போனபோது கதவு திறந்திருந்தது. உள்ளே போன பிறகு சாத்தச் சொல்வது சரியில்லை மச்சாள்." அவ கோபிக்கவில்லை. "நீ இங்க வந்து ஒரு டொக்டரக் காணக் காத்திருந்து பார், அப்ப சொல்லு" என்றா. இருவரும் இன்னும் அவரவர் கருத்தில்தான் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அழைப்பும் நிற்கவில்லை. அரசியலில் கருத்து வேறுபட்டால் உறவை முறிக்கத் தேவையில்லை என்பதை எமது ஊர்களும் பழகிக்கொள்ள வேண்டும்.

நான் கேட்கும் கேள்விகள்

வாக்குக் கேட்டு வருபவர் யாராக இருந்தாலும் நான் நான்கு கேள்விகளை வைத்திருக்கிறேன்.

முதலாவது கடன். நுண்கடன் என்று வாசலுக்கு வந்து கொடுத்தவர்கள், கிழமைக்குக் கிழமை அதே வாசலில் வந்து நின்று எமது மானத்தை வாங்கினார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்த பெண்கள் எத்தனை பேர். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. எமது மாவட்டமும் அதில் ஒன்று. இருந்தும் பிரச்சினை தீரவில்லை. 2021 மகளிர் தினத்தில் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இதே கடனுக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கி வாரக்கணக்கில் இருந்தார்கள். எமது துன்பமும் அவர்களது துன்பமும் ஒன்று என்று அன்றுதான் எமது ஊரில் பலர் கண்டார்கள். கடன் கொடுப்பவரைக் கட்டுப்படுத்த என்ன செய்வீர்கள் என்பது என் கேள்வி.

இரண்டாவது காணாமற் போனோர். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணாமற் போனோர் பற்றிய அலுவலகம் அமைக்கப்பட்டது. ஒருவர் இறந்துவிட்டார் என்று எழுதாமலே, காணாமற் போயுள்ளார் என்று சான்றிதழ் பெறும் வழியும் அந்த வருடமே சட்டத்தில் வந்தது. 2017இல் கிளிநொச்சியில் தாய்மார் தொடங்கிய வீதியோரப் போராட்டம் திருகோணமலைக்கும் வந்தது. அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். எனக்கு நட்டஈடு பற்றிய பேச்சு இரண்டாவது. முதலில் அவருக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். இதை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குபவர் பாராளுமன்றத்தில் எத்தனை தரம் எழுந்து கேட்டார் என்று நான் பார்ப்பேன்.

மூன்றாவது காணி. எம்மில் பலருடையது அனுமதிப்பத்திரக் காணி. 1935இல் வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், பின்னுரித்தாளர் என்று யாரையும் எழுதி வைக்காவிட்டால் காணி பெண் பிள்ளையைத் தாண்டி ஆண் பிள்ளைக்குப் போகும்படி இருந்தது. மகள் மூத்தவளாக இருந்தாலும் பின்னுக்குத்தான். 87 வருடம் கழித்து, 2022இல்தான் அதைத் திருத்தி ஆண், பெண் வேறுபாட்டை நீக்கினார்கள். பெண்கள் அமைப்புகள் விடாமல் கேட்டதால் வந்த மாற்றம் இது. உங்கள் பத்திரத்தில் யாருடைய பெயர் இருக்கின்றது என்று பிரதேச செயலகத்தில் ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். வந்து நிற்கும் வேட்பாளரிடம் இந்தத் திருத்தம் தெரியுமா என்றும் கேளுங்கள்.

நான்காவது வீட்டுக்குள் நடப்பது. 2005ஆம் ஆண்டே குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. அடி வாங்கும் பெண் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். ஆனால் எமது பகுதியில் இருந்து மூதூர் நீதிமன்றத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் காசும் வேண்டும். பிள்ளையை யாரிடம் விடுவது என்ற யோசனை வேறு. சட்டம் புத்தகத்தில் இருந்தால் மட்டும் அடி நிற்காது. மேடையில் எமது இனத்தின் மானம் பற்றிக் கதைப்பவர், ஊருக்குள் மதுபானம் வருவதைப் பற்றியும் பெண்ணுக்கு விழும் அடியைப் பற்றியும் ஏன் கதைப்பதில்லை?

இந்தக் கேள்விகளுக்குப் பதிலாக அரிசிப் பொதியோ சேலையோ வந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்கலாம். பசியோடு இருப்பவளிடம் வாங்காதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. வாங்கியதற்காக வாக்கைக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சத்தியமும் இல்லை. அந்தத் தகரமும் கிணறும் எமது வரிப்பணத்தில் இருந்தோ, எமது பெயரைச் சொல்லி வெளிநாடு தந்த பணத்தில் இருந்தோ வந்தவை. நாம் கடையில் வாங்கும் சீனியிலும் சவர்க்காரத்திலும் வரி இருக்கின்றது. வாக்குச்சாவடியில் மறைப்புக்குப் பின்னால் நாம் தனியே நிற்கும்போது எமது கையைப் பார்க்க எவராலும் முடியாது. அஸ்வெசுமக் கொடுப்பனவை வெட்டிவிடுவோம் என்று மிரட்டினாலும் பயப்படத் தேவையில்லை. யாருக்குப் புள்ளடி போட்டோம் என்பது இரகசியம்.

தேர்தல் முடிந்த பிறகு

எமது வேலை அன்றோடு முடிவதில்லை. உள்ளூராட்சி சபைகள் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே வரை இரண்டு வருடத்துக்கு மேல் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் இல்லாமலே ஓடின. 2017இல் காலம் முடிந்த கிழக்கு மாகாண சபைக்கு அதன் பின் ஆண்டுக்கணக்கில் தேர்தலே வரவில்லை. வாக்குப் போடும் நாளுக்காகவே காத்திருந்தால் எமக்கு வயது போய்விடும்.

2017 பெப்ரவரியில் இருந்து தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறையில் இருக்கின்றது. பிரதேச சபையில் எமது வீதிக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, அது எங்கே போனது என்று எந்தப் பிரஜையும் கேட்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் உத்தியோகத்தர் அதை எழுதியெடுக்க வேண்டும். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை.

சகோதரிகளே, ஒவ்வொரு வருடமும் வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயரும் 18 வயதான பிள்ளைகளின் பெயரும் இருக்கின்றதா என்று கிராம சேவையாளரிடம் பாருங்கள். அடையாள அட்டை தொலைந்திருந்தால் தேர்தல் வரும்வரை இருக்காமல் இப்போதே எடுங்கள். மாதர் சங்கக் கூட்டத்தில் கடன் கணக்குப் பார்த்து முடிந்ததும் அரை மணித்தியாலம் ஒதுக்கி, போன தேர்தலில் எமக்குச் சொன்னவை என்ன, நடந்தவை என்ன என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை வாகனம் வந்து நிற்கும்போது அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகலாம்.